ஐயாயிரத்து இருநூறு என்று நீ எழுதியிருந்தாய்

ராஜி,

கடைக்குப் பின்னால் வீட்டில் நீ பெட்டியைத் திறந்து போட்டுத் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஆறு நாளில் நீ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறாய். பந்தயக் கார்களுக்கு டார்க் கன்வெர்ட்டர் செய்கிற ஒரு பட்டறை உன்னைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். ஒரு நகலைக் கடை வாசல் கண்ணாடியிலும் ஒட்டுவேன். "வீட்டு விசயத்த எதுக்கு வீதிக்குக் கொண்டுபோற?" என்று உன் அப்பா கேட்டார். "எம் மக பேரு வீதியிலதான போச்சு, வீட்டுக்குள்ள உக்காந்து எப்படி மீட்கிறது?" என்று நான் கேட்டேன். அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு குமுளி பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டார்.

உன்னைப் பற்றித் தேனியில் இரண்டு பேச்சு உண்டு. முதல் பந்தயத்தில் நீ கணக்கைத் தப்பாகப் போட்டுக் காரைச் சுவரில் உரசினாய் என்பது ஒன்று. இரண்டாவது பந்தயத்தில் ஏதோ குருட்டாம்போக்கில் ஜெயித்துவிட்டாய் என்பது மற்றொன்று. ஸ்பேர் வாங்க வருகிறவர்கள் என் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லிவிட்டு, "இருந்தாலும் பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வந்ததே பெருசு" என்று ஆறுதலும் சொல்லிப் போகிறார்கள். நீயும் கேட்டிருக்கிறாய். கேட்டும் வாய் திறக்கவில்லை. நீ திறக்காத வாயை இன்று நான் திறக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்காக நாம் யாரென்று சொல்லிவிடுகிறேன். லாரிக்கும் ஜீப்புக்கும் உதிரிபாகம் விற்கிற கடை நம்முடையது. இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலி என்னுடையது. எந்த எஸ்டேட் ஜீப்புக்கு எந்த கிளட்ச் தட்டு பொருந்தும் என்று வண்டியைப் பார்க்காமலே சொல்வேன். நீ எஞ்சினியரிங் படித்தாய். கோயம்புத்தூரில் பந்தயக் கார் பட்டறை ஒன்றில் மூன்று வருடம் இருந்தாய். சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி தங்கப்பாண்டி அண்ணன் பந்தயத்துக்கென்று ஒரு பழைய காரை வாங்கி, அதற்கு எண்ணூறு குதிரைத்திறன் டர்போ இஞ்சினும் வரவழைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "செய்யிறதும் நீதான், ஓட்டுறதும் நீதான்" என்றார். கால் மைல் நேர்ப்பாதை, இரண்டு கார், பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து விநாடிக்காக அவருடைய வாழைக்காய்க் கொட்டகையில் ஒரு வருடம் கிடந்தாய்.

என் குணம் உனக்கு முன்பே தெரியும். கல்லூரி விடுமுறையில் நீ ஜீப் ஓட்டிப் பழகினாயே, மேகமலையில் ஓர் எஸ்டேட்டுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். ஜீப்பின் பின்பக்கம் சரளையில் வழுக்கி, தேயிலைச் சரிவை எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. நீ ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "பயமா இருந்தா சொல்லும்மா, நிப்பாட்டுறேன். நீயா எதையும் இழுக்காத" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு சரி.

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று நீ எனக்குச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? ஜீப்பில் கிளட்ச் தட்டு இஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேராகக் கவ்விப் பிடிக்கும். உன் காரில் அந்தக் கவ்வல் கிடையாது. பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை, உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் எதிரெதிராக இரண்டு விசிறி. நம் வீட்டு டேபிள் ஃபேன் இரண்டையும் முகம் பார்க்க வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டாய். அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றியது. சுற்றியதை ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் பிடித்து நிறுத்தினாய். "இதுதாம்மா சக்கரம். நான் பிடிச்சு நிறுத்தியிருக்கேன். ஆனா அந்த ஃபேன் ஓடிக்கிட்டேதான இருக்கு? சக்கரம் நிக்கிறப்ப இஞ்சின் எம்புட்டு வேகம் வரைக்கும் ஏற முடியுமோ, அந்த எல்லைக்குப் பேருதான் ஸ்டால் ஸ்பீடு" என்றாய்.

அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதுதான் உன் கவலை. "கம்மியா வெச்சா, கோட்டுல நிக்கிறப்ப, இஞ்சினுக்குக் காத்தத் திணிக்கிற டர்போ முழிக்காது. வண்டி செத்த மாதிரி கிளம்பும். ரொம்பக் கூட வெச்சா, எண்ணெய் கடைசி வரைக்கும் வழுக்கிக்கிட்டே கிடக்கும், பவரெல்லாம் சூடாப் போயிரும். கடையில அச்சடிச்சிருக்க நம்பர நம்பி வாங்கவும் முடியாது. அதே கன்வெர்ட்டரு சின்ன இஞ்சினுக்கு ஒரு நம்பரக் காட்டும், பெரிய இஞ்சினுக்கு வேற நம்பரக் காட்டும்." வண்டியின் எடை, டயரின் உயரம், பின் ஆக்சிலின் பல், டர்போ எந்த வேகத்தில் மூச்சு விடுகிறது என்று எல்லாவற்றையும் நோட்டில் போட்டு, பதினேழு நாள் அடித்துத் திருத்தி, கடைசியில் ஓர் எண்ணுக்கு வட்டம் போட்டாய். ஐயாயிரத்து இருநூறு.

எனக்கு அந்தக் கணக்கு காதில் விழவில்லை. நிற்கிற கார், நிமிடத்துக்கு ஐயாயிரத்து இருநூறு சுற்றில் அலறுகிற இஞ்சின், உள்ளே என் மகள். இது மட்டும்தான் கண்ணில் நின்றது. "கொஞ்சம் கொறச்சுக்கிட்டா என்னாத்தா?" என்று கேட்டேன். "கொறச்சா பத்திரம்னு நினைக்காதம்மா. அதுல வேற ஆபத்து இருக்கு" என்றாய். என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்வெர்ட்டருக்கான ஆர்டர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம் கடை வழியாகத்தான் போனது. நீ எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து ஃபாரத்தை நிரப்பினேன். எடை, டயர், டார்க் என்கிற இஞ்சின் முறுக்கு எல்லாம் நீ எழுதியபடி. ஸ்டால் ஸ்பீடு என்ற கட்டத்தில் மட்டும் நாலாயிரம் என்று அடித்தேன். பயம் பாதி. இத்தனை வருடம் பாகம் விற்றவளுக்குத் தெரியாததா என்ற திமிர் மீதி. இதுவரை உனக்குத் தெரியும். இனிச் சொல்வது உனக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இந்த டர்போவுக்கு நாலாயிரம் குறைவாகத் தெரிகிறதே, உறுதிதானா என்று கேட்டிருந்தார்கள். உறுதி என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு, அந்த மெயிலை அழித்தேன். திருத்திக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்தார்கள். நான்தான் சாத்தினேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய விமான ஓடுபாதையில் முதல் பந்தயம். நானும் அப்பாவும் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்றோம். காரை நகரவிடாமல் பிடிக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு நீ முழுதாக மிதித்தாய். இஞ்சின் நாலாயிரத்துக்கு வந்து அங்கேயே முக்கிக்கொண்டு நின்றது. பச்சை விழுந்தது. பக்கத்துக் கார் பறந்துவிட்டது. உன் கார் பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுகிற மாதிரி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும், தூங்கிக் கிடந்த டர்போ மொத்தமாக விழித்துக்கொண்டது. பின் டயர் இரண்டும் புகைந்தன. கார் குறுக்கே திரும்பிச் சுவரைப் பார்த்துப் போனது. நீ காலை எடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, எப்படியோ நேராக்கினாய். இடதுபக்கக் கண்ணாடி மட்டும் சுவரில் உரசித் தெறித்தது. குறைத்தால் வேறு ஆபத்து என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தங்கப்பாண்டி அண்ணனிடம் போய், "என் கணக்குல எங்கனயோ பிசகு அண்ணே" என்றாய்.

"பிசகுன்னு லேசாச் சொல்லிட்ட" என்றார் அவர். "அடுத்த பந்தயத்துக்கு நாப்பது நாளு கெடக்கு. அதுலயும் இப்படின்னா வண்டிய பெங்களூர்ப் பட்டறைப் பயலுக கையில குடுத்துருவேன். அப்ப நீ வருத்தப்படக் கூடாது, ஆமா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எட்டு நாள் சொல்லவில்லை. நீ நோட்டைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு வரியிலும் உன் தப்பைத் தேடினாய். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு அடிப்படையான விசயத்துலயா விட்டேன்?" என்று உன்னையே கேட்டாய். எதிரில் உட்கார்ந்து நான் ரசம் ஊற்றினேன். எட்டாவது நாள் மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். நீ இஞ்சின் தலையைத் திறக்க போல்ட்டில் ஸ்பேனர் மாட்டியிருந்தாய். இஞ்சின் நாலாயிரத்தைத் தாண்டவில்லை என்றால் நீ நினைத்த டார்க் அதில் வரவில்லை, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றாய். குறையே இல்லாத இஞ்சினை, என்னால், நீ பிரிக்கப் போகிறாய்.

"ஆத்தா, அதக் கழட்டாத" என்றேன்.

"ஏன்?"

"இஞ்சின் மேல குத்தமில்ல. ஃபாரத்துல நாந்தான் மாத்திட்டேன். ஸ்டால் ஸ்பீட."

ஸ்பேனரை எடுக்காமலே என்னைப் பார்த்தாய். "எம்புட்டுன்னு அடிச்ச?"

"நாலாயிரம்."

அடிப்பாய், கத்துவாய் என்று நின்றேன். நீ நோட்டை நோக்கி ஓடினாய். "நாலாயிரம் கேட்டிருக்கோம். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டுது. அவுக நான் குடுத்த டார்க்க வெச்சுத்தான் செஞ்சிருப்பாக. செஞ்சதும் அப்படியே வந்திருக்கு. அப்படின்னா..." உன் குரல் உடைந்தது. "அப்படின்னா என் கணக்கு சரிம்மா! இஞ்சின் நான் சொன்னத அப்படியே குடுக்குது!" கிரீஸ் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். பிறகுதான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்பது உறைத்தது போல. கையை எடுத்தாய். "சுவத்துல போயி அடிச்சிருந்தா, நான் செத்ததுக்கும் என் கணக்குதான் காரணம்னு ஊரு சொல்ல விட்டிருப்பேல?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, திரும்பிக்கொண்டாய். அதன்பிறகு நாள்கணக்காக என்னோடு பேசவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அண்ணன் வந்தபோது நீ என்ன சொன்னாய்? "கண்டுபிடிச்சிட்டேண்ணே. கன்வெர்ட்டர மாத்தணும்" என்றாய். "கணக்குல விட்டுட்டியாக்கும்?" என்று அவர் கேட்டார். "ஆமாண்ணே" என்றாய். நான் இரண்டடி தள்ளி டீ பிளாஸ்க்கோடு நின்றேன். என் வாய் திறக்கவில்லை. ஃபாரத்தில் செய்தது பயத்தில் செய்தது. இது அப்படியில்லை, என் மானத்துக்காக உன் பெயரை விற்றேன். இதுதான் பெரிய தப்பு.

புதிதாக வரவழைக்க நாள் போதாது. கோட்டயத்தில் வர்க்கீஸ் என்று ஒருவர் கன்வெர்ட்டரை அறுத்து, உள்ளே உள்ள விசிறித் தகடுகளை மாற்றி, திரும்ப வெல்டிங் வைப்பார் என்று தெரிந்தது. காரை விட்டு உன்னால் நகர முடியாது. நான் கொண்டுபோகிறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், ஐயாயிரத்து இருநூறு என்று எழுதிய தாளையும் நோட்டின் நகலையும் நீட்டினாய். சாக்கில் கட்டி அப்பாவின் குமுளி பஸ்ஸில் ஏற்றினேன். "என்னக்கா, பூசணிக்காயா? இந்தக் கனம் கனக்குது" என்றார் கண்டக்டர். உன் அப்பா ஸ்டியரிங்கிலிருந்து திரும்பாமலே, "எம் மக மானம்யா அது. பத்திரமா வையி" என்றார். குமுளியில் இறங்கிக் கோட்டயம் பஸ் மாறும்வரை அந்தச் சாக்கைக் காலுக்கிடையிலேயே வைத்திருந்தேன்.

வர்க்கீஸ் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஐயாயிரத்தி இருநூறோ? அது கூடுதலாணு சேச்சி. ஒரு நாலாயிரத்தி எண்ணூறு வெச்சால் பேடிக்கண்டா" என்றார். குறைத்து வைத்தால் பயப்பட வேண்டாமாம். என் மனதில் இருந்த பயத்தை அப்படியே எடுத்துப் பேசுகிறார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே சொன்னார் என்று உன்னிடம் சொல்லிவிடலாம். சுவரில் தெறித்த கண்ணாடி கண்ணுக்குள் வந்து போனது. "சேட்டா, எனக்கும் பயந்தான். ஆனா வண்டிக்குள்ள உக்காரப் போறது எம் மக. கணக்கும் அவளுது. மொதல்ல அதப் படிங்க" என்று நகலைக் கொடுத்தேன். அரை மணி நேரம் படித்தார். இடையில் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இது எழுதியது சேச்சியுடே மகளோ?" என்றார். ஆமாம் என்றேன். "எனிக்கு தெற்றிப்போயி. ஐயாயிரத்தி இருநூறு தன்னே" என்று சொல்லிவிட்டு அறுக்க உட்கார்ந்தார். தப்பு தன்னுடையது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் அதை மாட்டி, காரைப் பிடித்து நிறுத்தி, நீ மிதித்தாய். முள் நாலாயிரத்தைத் தாண்டியது. ஐயாயிரத்தைத் தாண்டியது. டர்போவின் விசில் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. கிடந்த வாழைச் சருகெல்லாம் பறந்தன. முள் ஐயாயிரத்து இருநூறுக்கு ஒரு மயிரிழை கீழே போய் ஆணி அடித்த மாதிரி நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து நீ சிரித்தாய். எத்தனை நாள் கழித்து!

இரண்டாவது பந்தயத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கண்ணை மூடாமல் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று சுற்று ஜெயித்து இறுதிக்கு வந்தாய். பக்கத்தில், போன தடவை கோப்பை வாங்கிய பெங்களூர்க் கார். நீ பொத்தானை அழுத்தி மிதித்தாய். இஞ்சின் முக்கவில்லை, முனகவில்லை. ஒரே மூச்சில் மேலே போய் நின்று கூவியது. பச்சை விழுந்ததும் கார் பின்காலில் குந்தி எழுந்தது. முன் டயர் இரண்டும் ஒரு சாண் உயரம் தரையை விட்டுக் கிளம்பின. இறங்கியபோது நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தாய். பாதித் தூரத்தில் ஒரு கார் நீளம் முன்னால் இருந்தாய். கோட்டைத் தொட்டபோது இரண்டு கார் நீளம். உன் பக்கத்துப் பலகையில் விளக்கு எரிந்தது. தங்கப்பாண்டி அண்ணன் தோள் துண்டை வானத்தில் எறிந்துவிட்டு, "ஏலே, ஜெயிச்சிருச்சுலே! நம்ம பிள்ள ஜெயிச்சிருச்சுலே!" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப் பிடித்தார். உன் அப்பா கம்பியில் முகத்தை வைத்து அழுதார். நான் கத்திய கத்தலில் மூன்று நாள் குரல் இல்லை.

நீ கோப்பையைத் தேடவில்லை. லேப்டாப்பைத் திறந்து இஞ்சின் வேகத்தையும் சக்கரத்துக்குப் போகிற வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். "கடைசிக் கோட்டுல வழுக்கல் நூத்துக்கு ஆறுதாம்மா. கிளம்புறப்ப விட்டுக்குடுத்துச்சு, போகப் போகப் பிடிச்சுக்கிருச்சு. இதாம்மா நான் கேட்டது" என்றாய். பெங்களூர்க்காரர்களின் மெக்கானிக் வந்து, கன்வெர்ட்டர் எங்கே செய்தது என்று விசாரித்தார். "எங்கம்மா கோட்டயம் வரைக்கும் தூக்கிட்டுப் போயி சரி பண்ணிட்டு வந்தாக" என்று என் தோளில் கை போட்டாய். உன் வாயிலிருந்து அந்த 'வந்தாக' என்ற மரியாதைக்கு அன்று நான் தகுதியானவள் இல்லை, ராஜி. ஆனாலும் என் உச்சந்தலை குளிர்ந்துபோனது. நீ அனுப்பிய அந்த இரண்டு ஓட்டத்தின் வரைபடங்களையும் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாக்காரர்கள் உன்னை அழைத்தார்கள். முதல் ஓட்டம் ஏன் அப்படி என்று கேட்டதற்கு, ஆர்டரில் பிழை என்று மட்டும் பதில் போட்டாயாம். அப்பாதான் சொன்னார்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குக் குறைவுதான். இருந்தாலும் பெற்றவள், இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். ஒருவர் மேல் பாசம் இருக்கிறது என்பதால் அவருடைய கணக்கில் கை வைக்கும் உரிமை வந்துவிடாது. பயமாக இருந்தால் பயமென்று சொல், அவரே முடிவு செய்யட்டும். இன்னொன்று, யாருக்காகவும், பெற்ற தாய்க்காகவும்கூட, செய்யாத தப்புக்கு 'ஆமாண்ணே' என்று சொல்லாதே. நீ பெரிய மனது பண்ணிச் சொன்னாய். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை உன் திறமையின் அளவாக எடுத்துக்கொண்டார்கள். நீ போகிற இடத்தில் உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே உன் கணக்கு சரியென்றால் சரியென்று உரக்கச் சொல்.

இந்தக் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கப்பாண்டி அண்ணனே கடைக்கு வந்துவிட்டார். எழுதி முடித்த தாள்களை எடுத்து நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். பாதியில் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முடித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பிள்ள ரெண்டு வாட்டியும் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

"ஆமாண்ணே. ரெண்டு வாட்டியும்."

கடையில் போடிக்காரர் ஒருவரும், ஆண்டிபட்டி லாரி டிரைவர்கள் இரண்டு பேரும் சாமானுக்கு நிற்கிறார்கள். "என்னண்ணே அது, எங்களுக்கும் சொல்லுங்க" என்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். "சத்தமாப் படிங்கண்ணே" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ரோட்டில் போகிறவர்களும் நிற்கிறார்கள்.

துணியை அப்புறம் மடிக்கலாம். வெளியே வா, ராஜி. உன் பெயரைத்தான் படிக்கிறார்கள்.

அம்மா